மின் அமைப்பு ஆய்வாளர் என்னதான் செய்கிறார்? பாலக்காட்டுக் கணவாயை வைத்து ஒரு பதில்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘என் மகள் கோவையில் எம்.இ. முடித்திருக்கிறாள். மின் அமைப்புகளில் உகப்பாக்கமும் முன்கணிப்பும் என்ற தலைப்பில் ஆய்வு செய்யும் பேராசிரியர் ஒருவர் தம் குழுவில் சேர அழைத்திருக்கிறார். வீட்டில் யாருக்கும் இது விளங்கவில்லை. அவள் விளக்கினாலும் கணக்காகவே இருக்கிறது. இப்படிப்பட்ட ஆய்வாளர் உண்மையில் என்ன செய்கிறார்? யாருக்கு என்ன பயன்? பிழைப்புக்கு வழி உண்டா?’

மின்துறையில் திட்டமிடல் பிரிவில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் இருக்கும் ஊர் எனக்கு வசதியாகப் போயிற்று. இந்த ஆய்வைப் புரிந்துகொள்ளச் சித்தூர் தாலுகாவைப்போலத் தோதான இடம் இந்தியாவில் அதிகமில்லை. கிழக்கே கணவாய்க் காற்றில் சுழலும் உடுமலை, பல்லடம் காற்றாலைகள். தெற்கே ஆனைமலைத் தொடரில் இரு மாநிலங்களும் நீரைப் பங்கிட்டுக்கொள்ளும் அணைகள். மாவட்டத்தின் குறுக்கே, கரூர்ப் பக்கம் புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் உயர் அழுத்த நேர்மின் (டி.சி.) பாதை. ஆய்வாளரின் கணக்கில் வருகிற சங்கதிகள் எல்லாம் அரை நாள் பயணத்துக்குள் இருக்கின்றன.

மின் கட்டமைப்பின் அடிப்படைத் தொல்லை இதுதான்: எந்த நொடியிலும் உற்பத்தியும் நுகர்வும் சமமாக இருந்தாக வேண்டும். நுகர்வு மிஞ்சினால் ஜெனரேட்டர்கள் சற்றே மந்தமாகி, அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கும். உற்பத்தி மிஞ்சினால் ஏறும். 49.90 முதல் 50.05 வரை என்ற குறுகிய எல்லைக்குள் அதை வைத்திருக்க வேண்டும் என்பது இந்திய விதி. தென் மாநிலங்களின் கட்டமைப்பு 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக மற்ற இந்தியாவோடு ஒத்தியங்கத் தொடங்கியது. அன்றிலிருந்து இமாசலத்து நீர்மின் நிலையமும் கேரளத்து மூலமட்டத்து நீர்மின் நிலையமும் ஒரே அதிர்வெண்ணில்தான் ஓடுகின்றன. அதற்கு முந்தைய ஆண்டு, 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டபோது நம் பக்கம் விளக்கு எரிந்தது. அப்போது நாம் நேர்மின் இணைப்புகளால் மட்டுமே அவர்களோடு கோக்கப்பட்டிருந்தோம். அவர்களுடைய தடுமாற்றம் நம்மை எட்டவில்லை.

சமநிலையை நொடிக்கு நொடி காப்பது எந்திரங்களின் வேலை. அதற்கு வழி செய்து வைப்பது முந்தைய நாளே தொடங்கிவிடுகிறது. ஒரு நாளைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டினால் 96 துண்டுகள் வரும். தமிழ்நாட்டுக்குச் சென்னையிலும் கேரளத்துக்குக் களமசேரியிலும் உள்ள பளு (மின்தேவை) பகிர்வு மையங்கள், நாளைய 96 துண்டுகளிலும் எவ்வளவு மின்சாரம் தேவைப்படும், அதை எந்தெந்த நிலையத்திலிருந்து எவ்வளவு எடுப்பது என்று இன்றே எழுதி வைக்க வேண்டும். ‘எவ்வளவு தேவைப்படும்’ என்பது முன்கணிப்பு. ‘எங்கிருந்து எடுப்பது’ என்பது உகப்பாக்கம், அதாவது இருக்கும் வழிகளில் மிகச் சிறந்ததைத் தேர்வது. உங்கள் மகளுக்கு வந்திருக்கும் அழைப்பு இந்த இரண்டையும் பற்றியது.

இரண்டையும் தனித்தனிப் பாடமாக வைத்துக்கொண்டு ஆயுளைக் கழிப்பவர்கள் உண்டு. அது பாதி வேலை என்பது என் கருத்து. முன்கணிப்பு எத்தனை சதவீதம் தவறியது என்பது தனியாகப் பொருளற்ற கேள்வி. அந்தத் தவறால் எந்த முடிவு கெட்டது, கெட்டதன் விலை என்ன என்றுதான் கேட்க வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மின்தேவையைக் கணிப்பது வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிற அளவுக்குக் கடினமானதல்ல. நேற்று இதே நேரம் எவ்வளவு, சென்ற வாரம் இதே கிழமையில் எவ்வளவு, வெப்பநிலை, ஈரப்பதம், விடுமுறையா இல்லையா என்று நான்கைந்து செய்திகள் கையில் இருந்தால் ஒரு மாநிலத்தின் நாளைய தேவையைச் சில சதவீதத் தவறுக்குள் சொல்லிவிடலாம். லட்சக்கணக்கான வீடுகளின் விருப்பு வெறுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பரப்பு சுருங்கச் சுருங்கத்தான் சிக்கல். சித்தூர்ப் பக்கம் ஒரே ஒரு ஃபீடரை, அதாவது துணை மின் நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் ஒரு மின்பாதையை, எடுத்துக்கொள்ளுங்கள். மதியம் மழை கொட்டினால் தென்னந்தோப்புப் பம்புசெட்டுகள் நின்றுவிடும், பளு சரியும். மழை வராமல் மேகம் மட்டும் மூடினால் கூரைகளில் இருக்கும் சூரியத் தகடுகள் படுத்துவிடும்; வீடுகள் கட்டமைப்பிலிருந்து கூடுதலாக இழுக்கும்; பளு ஏறும். மேகம் ஒன்றுதான். மழையாகிறதா இல்லையா என்பதைப் பொறுத்து விளைவு எதிரெதிர்த் திசையில் போகிறது. இதைச் சராசரி எடுத்து மழுப்ப முடியாது.

பழக்கங்களும் மாறுகின்றன. கேரளத்தின் உச்ச நேரம் என்றால் விளக்கு வைக்கும் நேரத்திலிருந்து இரவு பத்து மணி வரை என்று நெடுநாள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். 2024 கோடையில் ஏசிகள் அதை நள்ளிரவுக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போய்விட்டன. அந்த ஆண்டு மே முதல் வாரத்தில் கேரளத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டையும் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,800 மெகாவாட்டையும் தாண்டின. பழைய தரவில் பழகிய எந்தக் கணினி நிரலும் இப்படிப்பட்ட ஆண்டில் திணறும். ஓணம், விஷு, பொங்கல் மூன்றையும் கொண்டாடும் எல்லைப் பகுதிக்குத் திருவனந்தபுரத்து விடுமுறைப் பட்டியல் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காற்றுக்கு வருவோம். இங்கேதான் விவகாரம் சூடு பிடிக்கிறது.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடர் விட்டுப்போன இடம் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் நெருக்கப்பட்டு வேகம் கூடிக் கிழக்கே பாய்கிறது. தமிழ்நாட்டில் நிறுவப்பட்டிருக்கும் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பகுதிக்கு அடுத்தபடியாக அதில் பெரும்பங்கு இந்தக் கணவாயின் வாயில்தான் நிற்கிறது. காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வினாடிக்கு 7 மீட்டர் என்று கணித்தீர்கள், வந்தது 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வேகத்தில் தவறு 14 சதவீதம். 7-இன் மும்மடி 343. 8-இன் மும்மடி 512. மின்சாரத்தில் தவறு ஏறத்தாழ 50 சதவீதம். வானிலை அறிவிப்பாளர் ‘கிட்டத்தட்ட சரியாகச் சொன்னேன்’ என்று மார்தட்டலாம். பளு பகிர்வு மையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது நெருக்கடி. 12 மீட்டரைத் தாண்டிவிட்டால் பெரும்பாலான காற்றாலைகள் முழுத் திறனை எட்டிச் சமமாகிவிடும். அங்கே அதே ஒரு மீட்டர்த் தவறுக்கு எந்த விலையும் இல்லை. 25 மீட்டருக்குப் பக்கத்தில் போனால் பாதுகாப்புக்காக மொத்தமாக நின்றுவிடும். ஆக ஒரே அளவுள்ள தவறு ஓரிடத்தில் ஒன்றுமில்லை, ஓரிடத்தில் பெருந்தொல்லை.

கணவாய்க்கென்று இன்னொரு தனிச்சிக்கல் உண்டு. வானிலை மாதிரிகள் நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. கட்டம் 25 கிலோமீட்டர் என்றால் முழுக் கணவாயும் ஒன்றிரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடும். இரு பக்கத்து மலைகளும் அந்தச் சராசரியில் மழுங்கிப்போகும். ஆகவே பெரிய மாதிரி சொல்வதை உள்ளூர் அளவீடுகளைக் கொண்டு திருத்த வேண்டியிருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் தமிழ்நாட்டுக் காற்றாலைகளுக்கு முன்கணிப்பு செய்துவருகிறது. இளம் ஆய்வாளர் கைவைக்கக்கூடிய நல்ல சிக்கல்கள் இந்த இடத்தில் இன்னும் நிறைய இருக்கின்றன.

தவறின் விலை என்று சொன்னேனே, அதற்கு ஓர் எளிய கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. நாளை மாலை ஏழு மணித் துண்டுக்கு மின்சாரம் வாங்க வேண்டும். இன்றே வாங்கினால் யூனிட் 4 ரூபாய். குறைவாக வாங்கிவிட்டு நாளை அந்த நேரத்தில் தட்டுப்பட்டால் 10 ரூபாய் கொடுக்க வேண்டும். அதிகமாக வாங்கிவிட்டால் மிச்சத்தை 2 ரூபாய்க்குத் தள்ளிவிடலாம். குறைத்து மதிப்பிட்டால் யூனிட்டுக்கு 6 ரூபாய் நட்டம். கூட்டி மதிப்பிட்டால் 2 ரூபாய் நட்டம். இந்த நிலையில் ‘சராசரியாக எவ்வளவு தேவைப்படும்’ என்ற எண்ணை வாங்குவது அசட்டுத்தனம். 6-ஐ 6-உம் 2-உம் சேர்ந்த 8-ஆல் வகுத்தால் 0.75. அதாவது, நூற்றுக்கு 75 நாட்களில் தேவை எதைத் தாண்டாதோ அந்த அளவுக்கு வாங்குவதுதான் சரி. கோடை போய் மழைக்காலம் வந்து, தட்டுப்பாட்டு விலை 5 ரூபாயாகக் குறைந்தால் வகுத்து வருவது மூன்றில் ஒன்று. இப்போது சராசரிக்கும் கீழே வாங்க வேண்டும். மின்தேவையின் சாத்தியங்கள் அதேதான். சந்தை விலை மாறியதும் சரியான விடை மாறிவிட்டது.

இதனால்தான் இன்றைய ஆய்வாளர்கள் ஒற்றை எண்ணைத் தராமல் நிகழ்தகவோடு கூடிய வீச்சைத் தருகிறார்கள். இத்துறையில் உலக அளவில் நடந்த ஆற்றல் முன்கணிப்புப் போட்டியே இந்த மாற்றத்தைக் காட்டுகிறது. 2012-இல் மின்பளுவுக்கும் காற்றுக்கும் ஒற்றை எண்களைக் கேட்டார்கள். 2014-இல் பளு, விலை, காற்று, சூரிய ஒளி நான்குக்கும் நிகழ்தகவு வீச்சைக் கேட்டார்கள். இரண்டே ஆண்டில் கேள்வியே மாறிவிட்டது.

இனி இரண்டாம் பாதி. எங்கிருந்து எடுப்பது? மலிவானதை முதலில் எடு, அடுத்த மலிவானதை அடுத்து எடு என்பதுதான் தொடக்கம். இந்திய மின் கட்டமைப்பு நிர்வாகம் மத்திய அரசு சார்ந்த அனல்மின் நிலையங்களுக்கு 2019 ஏப்ரலிலிருந்து நாடளாவிய அளவில் இப்படி வரிசைப்படுத்தும் கணக்கை ஓட்டிவருகிறது. கேட்க எளிது. ஆனால் நிலக்கரி உலையை நினைத்த நேரத்தில் அணைத்து ஏற்ற முடியாது. பொதுவாக 55 சதவீதத்துக்குக் கீழே அதை இறக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருந்தார்கள். அணைத்தால் மீண்டும் சூடேற்றப் பல மணி நேரமும் எண்ணெய்ச் செலவும் ஆகும். ஆகவே இன்று மாலை எந்த உலை ஓட வேண்டும் என்ற முடிவு நேற்றே எடுக்கப்பட வேண்டியது. 100 உலைகள், 24 மணி நேரம், ஒவ்வொரு மணிக்கும் ஓடுமா ஓடாதா என்ற இரண்டே தேர்வு என்று வைத்தாலும் மொத்தச் சாத்தியங்கள் 2-ஐ 2,400 முறை பெருக்கினால் வரும் எண். ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கப் பிரபஞ்சத்தின் வயது போதாது. எல்லாவற்றையும் பார்க்காமலே ‘இதைவிட மலிவான விடை இருந்தாலும் இந்த அளவுக்கு மேல் மலிவாக இருக்க முடியாது’ என்று சான்றோடு சொல்லும் கணித முறைகள் இருக்கின்றன. உகப்பாக்கத்தின் அழகு அந்தச் சான்றில்தான்.

கம்பியும் சொன்னபடி கேட்காது. மாறுமின்சாரம் (ஏ.சி.) ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துப் போவதில்லை. எந்த வழியில் தடை குறைவோ அந்த வழியில் கூடுதலாகப் பாயும். மலிவான மின்சாரம் ஒரு பாதையை அளவுக்கு மேல் சுடவைக்கும் என்றால் விலை கூடிய இன்னொரு நிலையத்தைத் திறந்தாக வேண்டும். எந்த ஒரு பாதை திடீரென்று அறுந்தாலும் மற்றவை தாங்க வேண்டும் என்பது அதற்கு மேல் ஒரு நிபந்தனை. உற்பத்திச் செலவையும் மின்னோட்ட விதிகளையும் ஒரே கணக்கில் எழுதிக் காட்டியவர் பிரெஞ்சுப் பொறியாளர் கார்பாந்தியே, ஆண்டு 1962. அறுபது ஆண்டுகள் கடந்தும் அதை முழுமையாக, வேகமாக, உறுதியாகத் தீர்க்கும் வழிக்காக ஆய்வுகள் நடந்துகொண்டே இருக்கின்றன. புகளூர்–திருச்சூர் நேர்மின் பாதையின் சிறப்பும் இங்கேதான் விளங்கும். 2021-இல் தொடங்கிவைக்கப்பட்ட, 2,000 மெகாவாட் திறனுள்ள, ±320 கிலோவோல்ட் பாதை அது. இவ்வளவு போ என்றால் அவ்வளவு போகும். பிடிவாதக்காரக் கம்பிகளுக்கு நடுவே சொல்பேச்சுக் கேட்கும் ஒரு கம்பி இருந்தால் கணக்கில் கிடைக்கும் சுதந்திரம் பெரிது.

அணைகளை விட்டுவிட்டு உங்கள் ஊருக்குப் பதில் எழுத முடியாது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தாகி 1958-லிருந்து நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவு தடுப்பணை வழியாகச் சித்தூர்ப் பகுதிக்கு வர வேண்டும். கேரளச் சோலையாறு அணை செப்டம்பர் 1, பிப்ரவரி 1 ஆகிய இரு தேதிகளிலும் முழுக் கொள்ளளவில் இருக்கும்படி தமிழ்நாடு பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே இருக்கும் தமிழ்நாட்டுச் சோலையாற்றில் நீருக்கு இரண்டு வாசல்கள். ஒரு வாசல் 70 மெகாவாட் மின்நிலையம் வழியாகப் பரம்பிக்குளத்துக்குப் போகிறது. மற்றது 25 மெகாவாட் நிலையம் வழியாகக் கேரளச் சோலையாற்றுக்கு இறங்குகிறது. பரம்பிக்குளத்துக்குப் போன நீர் சர்க்கார்பதியில் 30 மெகாவாட் நிலையத்தை ஓட்டிவிட்டுப் பாசனத்துக்குப் போகிறது. கேரளத்துக்குப் போன நீர் அங்கே 54 மெகாவாட் நிலையத்தை ஓட்டிவிட்டு, கீழே பெரிங்கல்குத்தில் மறுபடியும் மின்சாரம் ஆகிறது.

இதை ஒரு கணக்காக எழுதிப் பார்க்கலாம். மாறிகள்: ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வாசலிலும் எவ்வளவு நீர். நோக்கம்: மின்சாரத்தின் மதிப்பைக் கூட்டுவது. நிபந்தனைகள்: அந்த இரு தேதிகள், அந்த 7.25 டி.எம்.சி., அணைகளின் கொள்ளளவு, பாசன முறை. மின்சாரத்தை மட்டும் பார்த்தால் மாலையில் விலை ஏறும்போது நீரை மொத்தமாகத் திறப்பதுதான் லாபம். மூலத்தறை வாய்க்காலில் நீருக்குக் காத்திருக்கும் விவசாயிக்கு விலை ஏறும் நேரம் எதற்கு? அவருக்கு நாற்று வாடாமல் சீராக வர வேண்டும். கணிதத்தில் ஒரு நல்ல பண்பு உண்டு: நிபந்தனை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் விலை கிடைக்கும். பிப்ரவரி 1 என்ற தேதியை ஒரு வாரம் தள்ளினால் எத்தனை ரூபாய் மின்சாரம் மிச்சம், மணக்கடவில் ஒரு நாள் முன்னதாக நீர் விட்டால் எவ்வளவு இழப்பு என்று சொல்லிவிடலாம். இரு மாநில அதிகாரிகள் மேசையில் எதிரெதிரே உட்காரும்போது இப்படிப்பட்ட எண்கள் கையில் இருந்தால் பேச்சு குரலை உயர்த்துவதிலிருந்து கொஞ்சம் இறங்கிவரும் என்று நம்புகிறவன் நான். அரசியல் தெரிந்த நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

அணை நீருக்கு விலையில்லை என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. இடுக்கி நீர் மூலமட்டத்தில் உள்ள 780 மெகாவாட் நிலையத்துக்கு 650 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து விழுகிறது. ஒரு கன மீட்டர் நீர் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் தருகிறது. ஜூலையில் அதைச் சேமித்து வைத்தால் என்ன ஆகும்? ஏப்ரலில் 10 ரூபாய் மின்சாரத்துக்குப் பதிலாக அது நின்றால் அந்தக் கன மீட்டரின் மதிப்பு 15 ரூபாய்க்கு மேல். ஆகஸ்டில் பெருமழை பெய்து மதகு வழியாக வழிந்துபோனால் மதிப்பு பூச்சியம். ஆக இன்றைய நீரின் விலை, இனி வரப்போகும் மழையின் நிகழ்தகவில் இருக்கிறது. நிச்சயமற்ற நீர்வரத்தின் கீழ் பல மாதங்களுக்கு இதைக் கணக்கிடும் முறையைப் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் பெரேராவும் பிண்ட்டோவும் 1991-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். பெரிய அணைகளை நம்பியிருக்கும் நாடுகள் இன்றும் அந்த வழியில்தான் திட்டமிடுகின்றன. 2018 ஆகஸ்ட் 9 அன்று, 26 ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கியில் செறுதோணி அணையின் மதகுகள் திறக்கப்பட்டதும் அதன் பிறகு வந்த பெருவெள்ளமும் உங்களுக்குத் தெரியும். அணையை எந்தத் தேதியில் எந்த மட்டத்துக்குள் வைக்க வேண்டும் என்ற விதியின் முக்கியம் அதற்குப் பிறகுதான் பொதுமக்கள் பேச்சுக்கு வந்தது. வெள்ளத்துக்காக ஒதுக்கி வைக்கும் வெற்றிடம் மின்சாரக் கணக்கில் நட்டமாகத் தெரியும். அந்த நட்டத்தை மனமறிந்து ஏற்பதும் உகப்பாக்கத்தில் அடக்கம்.

எல்லைக்கு இரு பக்கமும் இருப்பவர்கள் சட்டென்று கேட்கும் கேள்வி ஒன்று: தமிழ்நாட்டில் காற்று, கேரளத்தில் அணை, ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கினால் தீர்ந்ததே? பாதி தீராது. கணவாயில் காற்றடிக்கும் அதே பருவமழைதான் இடுக்கியையும் நிரப்புகிறது. ஜூலையில் இரு வீட்டிலும் விருந்து. ஏப்ரலில் இரு வீட்டிலும் பஞ்சம். ஆனால் ஒரு நாளுக்குள் பார்த்தால் கைமாற்றுக்கு இடம் இருக்கிறது. காற்று பலமாக இருக்கும் மணிகளில் அணை நீரை நிறுத்தி வைத்து, காற்று தணியும்போது திறக்கலாம். பருவ அளவிலான உபரிக்கு வடக்கே போக வேண்டும். மழைக்காலத்தில் கேரளம் வட மாநிலங்களுக்கு மின்சாரம் கொடுத்து வைத்துக் கோடையில் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடுகள் இந்தத் தேவையிலிருந்து பிறந்தவை. எவ்வளவு கொடுத்து வைப்பது என்று ஜூனில் முடிவெடுக்க, அடுத்த ஏப்ரலின் வெயிலைப் பற்றி ஏதோ ஒரு கணிப்பு வேண்டும். நாளொன்றுக்குள் உதவ ஆழியாறுக்கு மேலே காடம்பாறை இருக்கிறது: 100 மெகாவாட் வீதம் நான்கு எந்திரங்கள், கீழ் அணை நீரை மேல் அணைக்கு ஏற்றி வைத்து வேண்டியபோது இறக்கும் நிலையம். இவ்வகை நிலையங்களில் பொதுவாக நான்கு யூனிட் செலவழித்தால் மூன்று யூனிட் திரும்பக் கிடைக்கும். நண்பகல் சூரிய மின்சாரம் 3 ரூபாய் என்றால் மாலை விலை 4 ரூபாயைத் தாண்டும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் மோட்டாரை ஓட்ட வேண்டும். இங்கேயும் முன்கணிப்பு இல்லாமல் உகப்பாக்கம் இல்லை.

முன்கணிப்பு பெரிதாகத் தவறியும் ஏற்பாடு நின்ற ஒரு நாளைச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் 5, இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் நாடு முழுவதும் வீட்டு விளக்குகளை அணைக்கச் சொன்னார்கள். 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை தேவை குறையும் என்று கணித்தார்கள். குறைந்தது 31,000 மெகாவாட். இரண்டு மடங்குக்கு மேல் தவறு. ஆனாலும் எங்கும் இருட்டடிக்கவில்லை. நீர்மின் நிலையங்களை முன்கூட்டியே முழு வீச்சில் ஓடவிட்டு, அந்த நிமிடங்களில் 25,000 மெகாவாட்டுக்கு மேலிருந்த உற்பத்தியை 8,000 அளவுக்கு இறக்கி, மறுபடியும் ஏற்றினார்கள். அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் இடையே ஆடி நின்றது. கணித்தவர்கள் தங்கள் கணிப்பையே முழுதாக நம்பாமல் இடம் விட்டு வைத்திருந்தார்கள். ஆய்வுக் கட்டுரையில் அந்த முன்கணிப்புக்கு மதிப்பெண் போட்டால் பூச்சியம்தான். ஆனால் அதைக் கொண்டு எடுத்த முடிவு நிலைத்தது.

உங்கள் மகள் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இத்துறையில் கட்டுரைகள் கொட்டிக் கிடக்கின்றன. சாம்பல் ஓநாய், திமிங்கிலம், வௌவால், குயில், மின்மினி என்று ஒரு மிருகக்காட்சி சாலையே இருக்கிறது. ஒவ்வொன்றின் பெயரிலும் மலிவான விடையைத் தேடும் ஒரு முறை. முப்பது கணுக்கள் (பாதைகள் சந்திக்கும் இடங்கள்) கொண்ட பாடப்புத்தக மாதிரி ஒன்றை எடுத்து, புதிய விலங்கு பழைய விலங்கைவிடச் சிறிது மேல் என்று நிறுவிவிட்டுப் பட்டம் வாங்கிப் போய்விடுகிறார்கள். எல்லாமே பயனற்றவை என்று சொல்லவில்லை. முன்பு சொன்ன அந்தச் சான்று, ‘இதைவிட மலிவான விடை இருந்தாலும் இந்த அளவுக்கு மேல் மலிவாக இருக்க முடியாது’ என்பது, விலங்குகளிடம் கிடையாது என்பதை மறக்கக் கூடாது. முன்கணிப்பிலும் இதே கதை. பிரமாண்டமான நரம்பு வலைப் பின்னலைக் கட்டுவார்கள். ‘நேற்று இதே நேரம் எவ்வளவோ இன்றும் அவ்வளவே’ என்ற ஒற்றை வரி முறையோடு ஒப்பிட மறந்துவிடுவார்கள். பேராசிரியரைச் சந்திக்கும்போது அவள் மூன்று கேள்விகள் கேட்கலாம். தரவு எந்தக் கட்டமைப்பிலிருந்து வருகிறது? உங்கள் முறையை எந்த எளிய முறையோடு ஒப்பிடுகிறீர்கள்? முன்கணிப்பு மேம்பட்டதால் செலவு எத்தனை ரூபாய் குறைந்தது? மூன்றாவதற்கு நேரான பதில் வந்தால் தயங்காமல் சேரட்டும்.

பிழைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாநிலப் பளு பகிர்வு மையங்கள், பெங்களூரில் உள்ள தென்மண்டல மையம், டெல்லியில் உள்ள தேசிய மையம், மின்சாரச் சந்தைகள், வணிக நிறுவனங்கள், காற்றாலை, சூரிய மின் உரிமையாளர்களுக்காக முன்கணிப்பு தரும் நிறுவனங்கள் என்று ஆள் தேவைப்படும் இடங்கள் கூடிக்கொண்டே வருகின்றன. கணித்ததிலிருந்து விலகினால் கட்டணம் கட்ட வேண்டும் என்ற விதி வந்தபிறகு முன்கணிப்புக்கு நேரடி விலை உண்டாகிவிட்டது. 2020 ஜூன் 1-இல் தொடங்கிய உடனடிச் சந்தை வந்தபின் ஒரு மணி நேரத்துக்கு முந்தைய கணிப்புக்கும் விலை உண்டு. பொதுத்துறையில் நுழைய கேட் தேர்வு மதிப்பெண் உதவும். கம்பம் ஏற வேண்டியதில்லை. ஆனால் துணை மின் நிலையத்துக்குள் கால் வைக்காமலே முனைவர் ஆனவர்களை நான் பரிந்துரைப்பதில்லை. திருச்சூர்ப் பக்கம் மாடக்கத்தறை போன்ற ஒரு நிலையத்தை அனுமதி பெற்று ஒரு நாள் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சேர்வதற்கு முன்பே அவள் வீட்டிலிருந்து ஒன்று செய்து பார்க்கலாம். நாட்டின் அன்றாட மின்தேவை, உற்பத்தி விவரங்களைத் தேசியப் பளு பகிர்வு மையம் நாள்தோறும் பொதுவில் வெளியிடுகிறது; கேரள மையம் அணை நீர்மட்டங்களையும் தருகிறது. ஓராண்டுத் தரவை எடுத்து, முதலில் ‘நேற்றைப் போலவே’ என்ற முறையில் கணித்துத் தவறைக் குறித்துக்கொள்ளட்டும். பிறகு வெப்பநிலையைச் சேர்க்கட்டும், பிறகு விடுமுறைகளை. எந்தப் படியில் தவறு எவ்வளவு குறைகிறது, எந்த நாட்களில் குறையவே மறுக்கிறது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அந்தப் பேராசிரியரைப் பார்க்கப் போகட்டும்.